தமிழ் பேசினால் தண்டமா?

ஆங்கில வகுப்பு. கடினமான வாக்கியமொன்றை ஆசிரியர் தமிழில் விளக்குகிறார். மாணவர் முகங்களில் தெளிவு மலர்கிறது. வாயிலிலே ஆய்வாளரின் நிழல்! ஆசிரியர் திடுக்கிட்டு ஆங்கிலத்துக்குத் தாவுகிறார். மலர்ந்த முகங்கள் வாடுகின்றன. களவு செய்தவர்போல் அவர் ஏன் கூனிக்குறுக வேண்டும்?

பெட்டியில் பணம், சுவரில் படம், வாயிலில் காவலர். மூன்றுக்கும் நமக்கு 'இல்' ஒன்றே போதும். ஆங்கிலத்திலோ முதலாவதற்கு 'இன்', அடுத்ததற்கு 'ஆன்', மூன்றாவதற்கு 'அட்'. தமிழோடு ஒப்பிட்டுக் காட்டினால் பிள்ளைக்கு நொடியில் விளங்கும். ஒப்பிடாதே என்போர், கண்ணைக் கட்டிவிட்டு ஓடச் சொல்கின்றனர்!

வேல்ஸ் நாட்டைப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டில் அங்கே பல பள்ளிகளில், தாய்மொழி பேசிய பிள்ளையின் கழுத்திலே மரத்துண்டைத் தொங்கவிட்டனர். அதே மண்ணில் 1994இல் கென் வில்லியம்ஸ் எனும் கல்வியாளர், ஒரு மொழியில் படித்ததை மறுமொழியில் சொல்லவும் எழுதவும் பழக்கும் முறையை ஆராய்ந்து, அதற்குப் பெயரும் சூட்டினார். மரத்துண்டு அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. அந்த முறை உலகெங்கும் பரவிற்று. தமிழ்மண்ணிலோ, தமிழ் பேசிய பிள்ளைக்குத் தண்டம் விதித்த பள்ளிகளைக் கண்டோம்!

அதற்காகக் கண்டபடி கலக்கலாமா? கூடாது. 'பென்னை எடுத்து ரைட் பண்ணு' என்பதில் தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. பாடம் முழுவதையும் தமிழில் சொல்லி, பிள்ளையின் வாயில் ஓர் ஆங்கில வாக்கியமும் வராமல் மணியடிப்பதும் முறையாகாது. பாலம் கடந்து செல்வதற்கு, குடியிருப்பதற்கா?

1968இல் நம் சட்டமன்றம் தமிழும் ஆங்கிலமும் எனும் இருமொழிக் கொள்கையை ஏற்றது. அது ஏட்டில் இருந்தால் போதுமா? ஏழைப் பிள்ளையின் நாவில் ஏற வேண்டாமா? செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு விளங்காததை விளக்கத் தனி ஆசிரியர் வருவார். கூலி உழவரின் மகளுக்கு வகுப்பறை ஒன்றே கதி!

பள்ளி மேலாண்மைக் குழுக்களில் அமர்ந்திருக்கும் தோழர்களே! 'ஆசிரியர் எம்மொழியில் பேசினார்?' என்று கேட்பதோடு நின்றுவிடாதீர். 'பிள்ளைக்கு விளங்கிற்றா? விளங்கியதை ஆங்கிலத்தில் சொல்கிறாளா?' என்று கேளுங்கள். விளங்க வைக்கும் ஆசிரியருக்குத் துணை நில்லுங்கள். அவர் தலைநிமிர்ந்தால் நம் பிள்ளைகள் தலைநிமிர்வர்!