தவிட்டு எண்ணெய் ரேஷனுக்கு வரட்டும், சத்தோடு வரட்டும்

நியாயவிலைக் கடையில் குடும்ப அட்டைக்கு மாதம் 1 லிட்டர் பாமாயில், 25 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஏழைக் குடும்பங்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் அந்த எண்ணெய் பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் கப்பலேறி வருவது. 2022 ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியா ஏற்றுமதியை நிறுத்தி வைத்த மூன்று வாரங்களில் நம் சந்தை பட்ட பாடு நினைவிருக்கும். அதே கடையில் தரும் அரிசிக்காக அரைபடும் நெல்லிலேயே தரமான ஒரு சமையல் எண்ணெய் இருக்கிறது. அதை முறையாக எடுத்து மக்களுக்குத் தரும் பொறுப்பை அரசு ஏற்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

நெல்லை அரைக்கும்போது உமி நீங்கியபின், அரிசியை வெண்மையாக்கத் தீட்டுகையில் உதிர்வது தவிடு. 100 கிலோ நெல்லுக்கு 7 கிலோ அளவில் கிடைக்கும். அதில் ஐந்தில் ஒரு பங்கு வரை எண்ணெய். நிறைவுறா கொழுப்பு மிகுதி, நிறைவுற்ற கொழுப்பு பாமாயிலில் உள்ளதில் பாதிக்கும் குறைவு. ஆனால் இந்த எண்ணெயை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது கொழுப்பல்லாத சிறு பகுதிதான். தாவர ஸ்டெரால்கள் உணவுக் கொழுப்பில் உள்ள கொலஸ்ட்ராலோடு போட்டியிட்டு, குடல் அதை உறிஞ்சுவதைக் குறைக்கின்றன. வைட்டமின் ஈ குடும்பத்தைச் சேர்ந்த டோக்கோட்ரையீனால்களும் இதில் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக ஓரைசனால் என்ற சத்து. 1954-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அரிசித் தவிட்டு எண்ணெயிலிருந்துதான் இதை முதன்முதலில் பிரித்தெடுத்தார்கள். 1980-களின் இறுதியில் ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வாளர்கள், ரத்தக் கொழுப்பு கூடியவர்களுக்கு வழக்கமான எண்ணெய்க்குப் பதில் தவிட்டு எண்ணெயைக் கொடுத்து, கொழுப்பு குறைந்ததைப் பதிவு செய்தார்கள். எனவே இது நேற்று வந்த விளம்பரப் புரளி அல்ல.

கச்சாத் தவிட்டு எண்ணெயில் 1 முதல் 2 சதவீதம் வரை ஓரைசனால் இருக்கும். நாம் வாங்கும் பாக்கெட்டில் அது எவ்வளவு மிஞ்சுகிறது என்பதுதான் கேள்வி.

இழப்பு ஆலையிலேயே தொடங்குகிறது. தீட்டும் இயந்திரத்திலிருந்து விழும் புதுத் தவிடு இளஞ்சூடாக, இனிய வாசனையோடு இருக்கும். அதையே மூட்டையில் கட்டி இரண்டு மூன்று நாள் போட்டுவையுங்கள். காறல் வாடை வந்துவிடும். அரிசியில் இருக்கும்வரை தனித்தனியே இருந்த லைபேஸ் நொதியும் எண்ணெயும் தீட்டும்போது கலந்துவிடுவதால், மணிக்கணக்கில் கொழுப்பு உடைந்து அமிலம் ஏறுகிறது. அமிலம் ஏறிய எண்ணெயைச் சுத்திகரிக்கக் காஸ்டிக் சோடாவைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். சோடா அமிலத்தைச் சோப்பாக்கி வெளியேற்றுகிறது. கூடவே ஓரைசனாலையும் கொண்டுபோய்விடுகிறது. ஓரைசனாலில் ஃபெருலிக் அமிலப் பகுதி இருப்பதால் அது காரத்தில் கரைந்து சோப்புக் கசடோடு சேர்ந்துவிடும். இந்த முறையில் பெரும்பகுதி ஓரைசனால் கசடுக்குப் போக, நிறமும் மணமும் நீங்கிய எண்ணெய் மட்டும் பாட்டிலுக்கு வருகிறது. எந்தச் சத்துக்காக மக்கள் கூடுதல் விலை தருகிறார்களோ, அது அதில் பெரும்பாலும் இருப்பதில்லை.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. காரம் சேர்க்காமல், வெற்றிடத்தில் நீராவியைச் செலுத்தி அமிலத்தை ஆவியாக்கி எடுக்கும் முறை உண்டு. அதற்கு முன் பிசினையும் மெழுகையும் முழுதாக நீக்கியாக வேண்டும். அந்தப் பிசின் நீக்கத்துக்கு நொதி கொண்டு செய்யும் தொழில்நுட்பத்தை ஹைதராபாத்தில் உள்ள இந்திய வேதித் தொழில்நுட்ப நிறுவனமே உருவாக்கித் தந்திருக்கிறது. இம்முறையில் ஓரைசனால் பெரும்பாலும் எண்ணெயிலேயே தங்கும். நிறம் சற்று அடர்த்தியாக இருக்கும். அதைக் குறையாகப் பார்க்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு சாதகம் உண்டு. நம் ரேஷன் அரிசி பெரும்பாலும் புழுங்கல். நெல்லை அவிக்கும்போதே லைபேஸ் நொதி பெரும்பாலும் செயலிழந்துவிடுகிறது, தவிட்டில் எண்ணெயும் கூடுகிறது. புழுங்கல் தவிட்டு எண்ணெய் கருத்து இருக்கிறது, வெளுப்பது கடினம் என்று எண்ணெய் ஆலைக்காரர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் பளபளப்புக்காகச் சத்தை இழப்பதைவிட, அந்த நிறத்தோடு விற்பது நேர்மையானது. நெல்லைக் கொள்முதல் செய்வதும், அரவை முகவர்களுக்குக் கொடுப்பதும், அரிசியைத் திரும்பப் பெறுவதும் நுகர்பொருள் வாணிபக் கழகம்தான். அரவை ஒப்பந்தத்தில் தவிட்டுக்கும் ஒரு வரி சேர்க்க அதற்கு அதிகாரம் இருக்கிறது.

கணக்கையும் மறைக்காமல் பார்ப்போம். ஆண்டுக்கு 30 லட்சம் டன் கொள்முதல் நெல் என்று வைத்தால், தவிடு சுமார் 2 லட்சம் டன். சுத்திகரிப்பில் கழிவது போக 25,000 டன் எண்ணெயாவது தேறும். 2 கோடிக்கு மேற்பட்ட அட்டைகளுக்கு மாதம் 1 லிட்டர் தர ஆண்டுக்கு 2 லட்சம் டன்னுக்கு மேல் தேவை. ஆகவே பாமாயிலை ஒரே நாளில் நிறுத்திவிடலாம் என்று சொல்வது ஏமாற்று. ஆனால் பள்ளிக் குழந்தைகளின் சத்துணவையும் காலை உணவையும் எடுத்துக்கொள்ளுங்கள். 40 லட்சம் குழந்தைகளுக்கு நாளுக்கு 5 கிராம் வீதம் 200 நாள் கொடுத்தாலும் 4,000 டன்தான். அங்கே தொடங்குவதற்கு எந்தத் தடையும் இல்லை. மிஞ்சுவதை டெல்டா மாவட்ட ரேஷன் கடைகளில் கொடுத்துப் பார்க்கலாம்.

மாட்டுக்குப் போகும் தவிட்டைப் பறிக்கிறோமா என்ற கவலை நியாயமானது. எண்ணெய் எடுத்தபின்னும் ஐந்தில் நான்கு பங்கு தவிடு மிஞ்சுகிறது. புரதமும், எண்ணெயில் கரையாத பி வைட்டமின்களும் அதிலேயே இருக்கும், எளிதில் காறாது. அதை ஆவின் வழியாகப் பால் உற்பத்தியாளர்களுக்குச் சலுகை விலையில் தருவதையும் இந்தத் திட்டத்தில் சேர்க்க வேண்டும். ரேஷனில் கடலை எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் வேண்டும் என்று கேட்கும் விவசாயிகளுக்கும் இது எதிரி அல்ல. இறக்குமதியைக் குறைப்பதில் மூன்றுக்கும் இடமுண்டு.

விலை கூடும் என்பார்கள். கூடும்தான். ஆனால் மானியப் பணம் கடல் கடந்து போகாமல் மன்னார்குடியிலும் கும்பகோணத்திலும் சுழலும் என்பதையும் சேர்த்தே நிதித்துறை கணக்கிட வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தவிட்டு எண்ணெய் மருந்து அல்ல. இதயத்தைக் காக்கும் எண்ணெய் என்று படம் போட்டு விற்பதை நாம் ஆதரிக்கவில்லை. ஒமேகா-3 இதில் மிகக் குறைவு. அளவு மீறினால் எந்த எண்ணெயும் கேடுதான். விளம்பர வாசகத்துக்குப் பதில், எந்த முறையில் சுத்திகரித்தது, 100 கிராமில் ஓரைசனால் எவ்வளவு என்ற இரண்டு தகவல்கள் எல்லாப் பாக்கெட்டிலும் முன்பக்கம் இருக்க வேண்டும். ஓரைசனாலை அளக்கும் சோதனை அரிதானதும் அல்ல: எண்ணெயைக் கரைப்பானில் கரைத்து, 315 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்தால் போதும். கல்லூரி ஆய்வகத்தில் உள்ள கருவியே செய்யும்.

வரும் குறுவை அரவைக்கு முன் அரசு செய்ய வேண்டியவை இவை: அரவை ஒப்பந்தத்தில், தவிட்டை 24 மணி நேரத்துக்குள் எண்ணெய் ஆலைக்கு அனுப்பும் நிபந்தனை, பச்சரிசி ஆலைகளில் தவிட்டைச் சூடேற்றிப் பதப்படுத்தும் இயந்திரத்துக்குக் கூட்டுறவு வங்கிக் கடன், சத்துணவுக்கான எண்ணெய் டெண்டரில், நீராவி முறையில் சுத்திகரித்த, ஓரைசனால் அளவு சோதித்த தவிட்டு எண்ணெய்க்கு இடம். தொழில்நுட்பமும் நெல்லும் கையில் இருக்கின்றன. முதல்வரும் உணவுத்துறை அமைச்சரும் உத்தரவிட வேண்டும்.