சுன்னத்தான ஓட்டம்



"உடம்பைக் குறையுங்கள், தினமும் நடங்கள்" என்கிறார் வைத்தியர். கஹவத்தை வீதியில் நான்கு நாள் நடந்தால், "பொம்பளைக்கு வீதியில் என்ன வேலை?" என்கிறது ஊர். நடுவில் நிற்பவள் என்ன செய்வாள்?

நம் நாட்டில் ஆண்களைவிடப் பெண்களிடமே உடற்பருமன் அதிகம். நீரிழிவும் இரத்த அழுத்தமும் அதைத் தொடர்ந்து வருகின்றன. 2016இல் சுகாதார அமைச்சு மென்பானப் போத்தல்களுக்கு நிற அடையாளத்தைக் கட்டாயமாக்கியது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. சட்டம் எச்சரித்தும், விருந்தாளிக்கு அந்தப் போத்தலை வைக்காவிட்டால் மரியாதைக் குறைவு என்று நினைப்பது நாம்தானே!

நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடினார்கள். முதலில் ஆயிஷா (ரலி) முந்தினார்கள். பின்னர் உடல் பருத்திருந்தபோது நபியவர்கள் முந்தினார்கள். அபூதாவூதில் இது பதிவாகியுள்ளது. பருமனைக் கண்டு நபியவர்கள் பழிக்கவில்லை; கூடவே ஓடினார்கள்.

இதை உங்கள் கணவருக்கு வாசித்துக் காட்டுங்கள். சுபஹ் தொழுததும் அரை மணி நேரம் அவரும் உங்களோடு நடக்கட்டும். கணவர் கூட வந்தால் ஊர் வாய் தானாக அடங்கும். உடம்பும் அல்லாஹ் தந்த அமானிதம்தான்.