ஊர்ச்சாலைகள் சாக்களங்கள் ஆவதா?

தமிழ்நாட்டுச் சிற்றூர்ச் சாலைகள் இன்று பழைய வண்டித்தடங்கள் அல்ல. தார் பூசி, நெடுஞ்சாலைகளோடு இணைத்தாயிற்று. சாலை மாறிற்று, அதனைக் காக்கும் முறை மாறவில்லை. ஈருருளியும் இழுவை வண்டியும் சரக்குந்தும் ஆட்டு மந்தையும் பள்ளிப் பிள்ளைகளும் விளக்கற்ற ஒரே தடத்திற் செல்கின்றனர். விரைவு இருமடங்கானால், தடையிட்டபின் வண்டி ஓடி நிற்கும் தொலைவு நான்மடங்காகும். இஃது இயற்கை நெறி, எவர்க்கும் விலக்கில்லை. உயிர் போனபின் ‘எல்லாம் ஊழ்’ என்று அமைவது அறியாமை. காக்க வேண்டியவரே அதனை மறைப்பாகக் கொள்வது அதனினும் கொடிது.

சட்டம் இல்லாமலில்லை. 1988ஆம் ஆண்டின் இயக்கூர்திச் சட்டப்படி, 100 மில்லி அரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் வெறியம் இருக்க ஊர்தி ஓட்டுவது குற்றம். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அதற்குரிய தண்டத்தை 10,000 உருபாவாக உயர்த்திற்று. அகவை நிரம்பாதவர் ஊர்தியோட்டிக் குற்றமிழைப்பின், பெற்றோர்க்கோ ஊர்தியுடையார்க்கோ 3 ஆண்டுச் சிறையும் 25,000 உருபாத் தண்டமும் வகுத்தது. ஆயினும் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

நகர வாயிலிற் பகல் வெளிச்சத்தில் நின்று உரிமத்தாள்களைப் புரட்டுவது மட்டும் காவலாகாது. ஊர்ச்சாலை நெடுஞ்சாலையில் ஏறும் முனையிலும், சந்தைநாள் மாலையிலும், குடிக்கடை மூடும் இரவிலும் காவலர் நிற்றல் வேண்டும். எந்த வளைவு உயிர் குடிக்கிறது, எவருடைய இழுவை வண்டிக்குப் பின்விளக்கில்லை என்பன அவ்வூர்க் காவல் நிலையத்தார் அறியாதன அல்ல. அறிந்தும் வாளாவிருப்பதே குற்றம். கூலியாளின் ஈருருளியை மறிக்கும் கை, கட்சிக்கொடி கட்டிய மகிழுந்துக்கு வணக்கம் வைக்குமாயின், அச்சட்டத்தை எவர் மதிப்பர்?

2003 முதல் குடியைத் தானே சில்லறையில் விற்றுவரும் அரசுக்கு இதில் இரட்டைக் கடமை உண்டு. நெடுஞ்சாலையினின்று 500 மீட்டருக்குள் குடிக்கடை கூடாதென உச்ச நயமன்றம் 2016 திசம்பரில் ஆணையிட்டது. 20,000 பேருக்கு மேற்படாத ஊர்களுக்கு அத்தொலைவு 2017 மார்ச்சில் 220 மீட்டராகச் சுருங்கிற்று. கடை அருகில் வந்தால் காவலும் அருகில் வரவேண்டாவா?

காவல் நிலையத்தின் பணியைத் தண்டித்த தொகையால் அளத்தலாகாது; குறைந்த சாவுகளால் அளக்க வேண்டும். அக்கணக்கை நிலைய அலுவலர் ஊரவையின் முன் வைக்கட்டும், ஊரார் கேட்கட்டும். வேலைக்குச் சென்ற மகன் அந்தியில் உயிரோடு வீடு திரும்புவது தாய்க்கு அரசு ஈயும் கொடையன்று, அவள் உரிமை.