மதிப்பெண்ணுக்கு முன் தெரிவது

பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் தேர்ச்சியுடன் பயின்று, தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வியின் முதலாண்டில் ஆங்கில வழி விஞ்ஞானப் பிரிவில் சேர்ந்த பிள்ளை, காலாண்டுப் பரீட்சையில் தோற்ற பிறகே பெற்றோர் விசாரணையைத் தொடங்குவது நம் வழக்கம். ஆனால், திங்கட்கிழமைதோறும் தவறாமல் வரும் வயிற்றுவலியும், கரும்பலகையில் கண்டதை அக்ஷரம் பிசகாமல் எழுதியும் ஒரு வரிக்கேனும் அர்த்தம் சொல்லத் தெரியாத தவிப்பும், சிநேகிதரிடம்கூடப் பேச்சைக் குறைத்துக்கொள்ளும் சுபாவ மாற்றமும் அதற்கு வெகுநாள் முன்னரே சாட்சியம் சொல்லியிருக்கும். இவற்றைச் சோம்பல் என்றும் திமிர் என்றும் தீர்ப்பளிப்பது அநியாயம். “எத்தனை மார்க்கு?” என்பதை விடுத்து, “எந்தப் பாடம் புரியவில்லை?” என்று சாந்தமாகக் கேட்டு, பதில் வரும்வரை பொறுத்திருந்து, வகுப்பாசிரியரையும் உடனே கண்டு பேசினால், அரையாண்டுப் பரீட்சைக்குள் சீர்செய்ய அவகாசம் உண்டு.