வீட்டிற்குச் சூரிய மின்சாரம்: குடியானவர் தாமே அமைக்கலாமா?

சூரிய வெளிச்சத்தினின்று மின்சாரம் தரும் சோலார் தகடுகளை வீட்டில் தாமே அமைத்துக்கொள்ளலாமா என்று குடியானவர்கள் பலர் விசாரித்து வருகின்றனர். கூடாதென்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது நியாயமன்று. ஆயில் என்ஜினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவருக்கு இது எட்டாத வித்தையன்று. ஆனால் ஒரே பெயரால் வழங்கும் ஏற்பாடுகள் இரண்டு உண்டு; அவற்றின் பேதத்தை அறியாமல் பணத்தைப் போடலாகாது.

ஒன்று, மின்வாரியக் கம்பியுடன் இணைக்கப்படுவது. வழக்கமாக இதற்குப் பாட்டரி வைப்பதில்லை. 2024-இல் தொடங்கப்பட்ட பிரதமர் சூரிய வீட்டுத் திட்டத்தில் 3 கிலோவாட் அமைப்பிற்கு ரூ. 78,000 மானியம் அறிவிக்கப்பட்டது. பதிவு பெற்ற நிறுவனத்தார் அமைத்தாலன்றி அம்மானியம் கிட்டாது. மேலும் இதில் தகடுகள் தொடராகக் கோக்கப்படுவதால் வோல்ட் நூற்றுக்கு மேல் ஏறும்; வெயில் உள்ளவரை அதை நிறுத்த வழியில்லை. கூலி மிச்சமென்று இதில் கை வைப்பது உயிருக்கே அபாயம்.

இதைப்பற்றிக் குடியானவர்களுக்குப் பெரும்பாலும் சொல்லப்படாத விஷயம் ஒன்று உண்டு. கம்பியில் மின்சாரம் நின்றால், பாட்டரியில்லாத இவ்வமைப்பும் உடனே நின்றுவிடும். கம்பியில் பழுது பார்ப்பவருக்கு ஆபத்து நேராதிருக்கவே இவ்வாறு செய்யப்பட்டுள்ளது. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைத் தாக்கியபின் பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. இத்தகைய அமைப்பு அன்று பட்டப்பகலிலும் ஒரு விசிறியைச் சுழற்றியிராது.

மற்றது, 12 வோல்ட் பாட்டரியுடன் தனித்து நிற்பது. குடியானவர் தாமே செய்துகொள்ளத் தக்கது இதுவே. கடைக்காரர் எத்தனை விளக்கென்று கேட்பாரேயன்றி, எத்தனை மணி நேரமென்று கேட்பதில்லை; கணக்கு அங்கேதான் பிழைக்கிறது. 9 வாட் விளக்குகள் நான்கு, 5 மணி நேரம் எரிய 180 வாட்-மணி. 12 வோல்ட்டில் ஓடும் 30 வாட் விசிறிகள் இரண்டு, 8 மணி நேரம் சுழல 480. ஆக 660. பாட்டரியிலும் கம்பியிலும் போகும் நஷ்டத்தைச் சேர்த்தால் ஏறக்குறைய 940 தேவை. முழு வெயில் நாளொன்றுக்கு நாலரை மணி என்று கொண்டால் 210 வாட் வேண்டும். மேகமூட்டத்தையும் உத்தேசித்து 125 வாட் தகடுகள் இரண்டு வைப்பது நலம். அவற்றைத் தொடராகவன்றிப் பக்க இணைப்பாகவே சேர்க்க வேண்டும். ஈயப் பாட்டரியைப் பாதிக்குமேல் வடிய விட்டால் அதன் ஆயுள் குறையுமாதலால், 150 ஆம்பியர்-மணிக்குக் குறைந்தது உதவாது.

250 வாட் மின்சாரம் 230 வோல்ட்டில் ஓர் ஆம்பியர் அளவாகவே ஓடும். 12 வோல்ட்டில் அதுவே இருபதைத் தாண்டும். வீட்டு விளக்குக்கு இழுக்கும் மெல்லிய கம்பியை இதற்கு இழுத்தால் கம்பி சுடும், வெளிச்சம் மங்கும். தடித்த செப்புக் கம்பியே வேண்டும். அதன் நீளமும் குறைவாயிருத்தல் அவசியம். பாட்டரியின் முனையருகே பியூஸ் இன்றியமையாதது. சார்ஜ் கன்ட்ரோலருக்கு முதலில் பாட்டரியை இணைத்து, பிறகே தகட்டை இணைக்க வேண்டும். படுக்கும் அறையில் பாட்டரி வைக்கலாகாது. அதினின்று எழும் வாயு தீப்பற்றக் கூடியது.

தகடுகளைத் தெற்கு நோக்கிப் பத்துப் பன்னிரண்டு பாகை சாய்த்தாற் போதும். தென்னையோலையின் நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும் அத்தகட்டின் பலன் பெரிதும் குன்றும். ஓட்டின்மேல் கயிற்றால் கட்டி வைப்பது ஐப்பசிக் காற்றுக்கு நில்லாது. இரும்புச் சட்டத்தைச் சுவரிலோ கான்கிரீட்டிலோ போல்ட் போட்டு முடுக்க வேண்டும். தூசியை விடியற்காலையில், கண்ணாடி சூடேறுமுன், வெறுந்தண்ணீரால் கழுவுவதே போதுமானது.