காட்டில் இல்லாத மருந்தா?

காட்டழகர் கோயிலுக்கும் மீன்வெட்டிப்பாறை அருவிக்கும் வருகிற கூட்டம் விருதுநகர் மாவட்டத்துச் செண்பகத்தோப்பு மலையைப் பார்த்ததும் சொல்லும் பேச்சு ஒன்று உண்டு: "இந்தக் காட்டுல இல்லாத மருந்தாய்யா!" அதே மலைத்தொடரில் இருக்கும் சதுரகிரிக்குப் போனால் இந்தப் பேச்சுக்குச் சித்தர் முத்திரையும் விழுந்துவிடும். அங்கே மூலிகைக் காற்று மேலே பட்டாலே நோய் பறந்துவிடும் என்பார்கள். காற்று வாங்கிவிட்டு வருவதில் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் கொரோனா காலத்தில் இந்தப் பேச்சு முறுக்கேறிக்கொண்டது: வைரஸைக் கொல்லும் மருந்து நம் காட்டிலேயே இருக்கிறது, கம்பெனிக்காரர்கள்தான் அதை வெளியே வர விடுவதில்லை. சளி, இருமல், ஃப்ளூ என்று எது வந்தாலும் இன்றைக்கும் இதே பல்லவிதான்.

காட்டிலிருந்து மருந்து வராது என்று யாரும் சொல்லவில்லை. மலையடிவாரமெங்கும் முளைத்துக் கிடக்கிறது ஆடாதொடை. அதிலுள்ள வாசிசின் என்ற பொருளை முன்மாதிரியாக வைத்துத்தான் புரோம்ஹெக்சின் செய்யப்பட்டது. புரோம்ஹெக்சின் உடலுக்குள் மாறி உருவாகும் பொருள்களில் ஒன்று அம்புராக்சால். ராஜபாளையத்தில் எந்த மெடிக்கலிலும் இருமல் சிரப் அட்டையைத் திருப்பிப் படித்தால் இவற்றில் ஒன்று கண்ணில் படும். கம்பெனிக்காரர்கள் இதை மறைக்கவில்லை. விற்றுக் காசு பார்த்தார்கள். கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்த சிரப் சளியை இளக்குகிறது, அவ்வளவுதான். வைரஸை அது சீண்டுவதுகூட இல்லை. இருமல் குறைந்தால் கிருமி செத்துவிட்டது என்று நினைப்பதில்தான் பாதிக் குழப்பம் தொடங்குகிறது.

செடிக்கும் வைரஸ் மருந்துக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதற்குப் பிரியாணிச் சட்டியிலேயே சாட்சி இருக்கிறது. 1999இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃப்ளூ மருந்து டாமிஃப்ளூ. அதைத் தயாரிக்கும் மூலப்பொருளான ஷிகிமிக் அமிலம் வெகுகாலம் அன்னாசிப்பூவிலிருந்துதான் எடுக்கப்பட்டது. 2005இல் பறவைக் காய்ச்சல் பயம் உலகைப் பிடித்தபோது அன்னாசிப்பூவுக்கே தட்டுப்பாடு வந்தது. அப்படியானால் அன்னாசிப்பூவைக் கொதிக்கவைத்துக் குடித்தால் போதாதா? போதாது. ஷிகிமிக் அமிலம் ஃப்ளூ வைரஸை ஒன்றும் செய்வதில்லை. அது மருந்தாக ஏறக்குறைய பத்து வேதிப் படிகளைத் தாண்ட வேண்டும். அவற்றில் ஒன்றில் வெடிக்கும் தன்மையுள்ள அசைடு வேதிப்பொருளைக் கையாள வேண்டியிருந்தது. (பக்கத்து சிவகாசிக்காரர்களுக்கு அந்த வேலையின் பதற்றம் புரியும்.) இத்தனைக்கும் பிறகு கிடைக்கும் மூலக்கூறு செய்வது ஒரே ஒரு வேலை. புதிதாகப் பிறந்த வைரஸ் செல்லைவிட்டு அறுத்துக்கொண்டு வெளியேறப் பயன்படுத்தும் கத்தரியில் போய்ச் சிக்கி, அதை மூட விடாமல் செய்கிறது. அந்த வைரஸ் வேறு செல்லுக்குப் பரவ முடிவதில்லை.

இவ்வளவு பாடுபட்டுக் கிடைத்த பலன் எவ்வளவு? 2014இல் காக்ரேன் குழு சோதனைத் தரவுகளை அலசியபோது, பெரியவர்களுக்கு ஃப்ளூ தொந்தரவு சுமார் 17 மணி நேரம் முன்னதாகக் குறைகிறது என்று கண்டது. அதுவும் காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன். 2008–09இல் அப்போது பரவிக்கொண்டிருந்த பருவகால எச்1என்1 வகை ஏறக்குறைய முழுவதும் இந்த மருந்துக்கு அசராததாக மாறிப்போனது. உலகின் பெரிய கம்பெனி ஒன்றின் பேர்பெற்ற மருந்துக்கே இந்த நிலை என்றால், "ஒரே வேளையில் வைரஸ் காலி" என்று வாட்ஸ்அப்பில் வரும் கஷாயத்தை என்ன சொல்வது?

ஆய்வகத்திலேயே வைரஸ் செத்ததே என்று கேட்பார்கள். ஹைட்ராக்சிகுளோரோகுயினும் ஆய்வகத்தில் கொரோனா வைரஸைத் தடுத்தது. எங்கே? ஆப்பிரிக்கப் பச்சைக்குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வளர்த்த வீரோ செல்களில். மனித நுரையீரல் செல்களில் பார்த்தால் பலிக்கவில்லை, ஏனென்றால் வைரஸ் அங்கே வேறு வாசல் வழியாக நுழைகிறது. ஐவர்மெக்டின் கதையும் இதுபோலத்தான்: குடுவையில் வேலை செய்த அளவை ரத்தத்தில் எட்ட வேண்டுமானால் வழக்கமான டோஸைவிடப் பல மடங்கு விழுங்க வேண்டும். குடுவையில் பிளீச்சிங் பவுடரும்தான் வைரஸைக் கொல்லும்.

காட்டை நம்புகிறவர்களை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. 2021 மே மாதம் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் ரெம்டெசிவிர் என்ற வைரஸ் மருந்துக்காக ராப்பகலாக வரிசையில் நின்றவர்கள் மூலிகைப் பக்தர்களா என்ன? உயிர் காக்கும் ஊசி என்று நம்பி நின்றார்கள். கொரோனாவுக்கு மருத்துவமனையில் சேர்ந்தவர்களின் சாவை அது பெரிதாகக் குறைக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் சாலிடாரிட்டி சோதனை 2020 அக்டோபரிலேயே சொல்லியிருந்தது. அதே மருந்தை, ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு அறிகுறி தோன்றிய ஏழு நாளுக்குள் கொடுத்துப் பார்த்த இன்னொரு சோதனையில், மருத்துவமனையில் சேர வேண்டிய நிலை 87 சதவீதம் குறைந்தது. மூச்சு முட்டும் கட்டத்தில் வைரஸ் பெருகும் காலம் பெரும்பாலும் முடிந்திருக்கும். அப்போது நுரையீரலைக் கெடுப்பது உடம்பின் சொந்தக் கொந்தளிப்பு. அங்கே சாவைக் குறைத்தது டெக்சாமெத்தசோன் என்ற மலிவான பழைய ஸ்டீராய்டு. அது வைரஸ் மருந்தே அல்ல.

இனி கபசுரக் குடிநீர். நிலவேம்பு, ஆடாதொடை, திப்பிலி என 15 சரக்குகள் சேர்ந்தது. 2020 ஏப்ரலில் தமிழக அரசு ஆரோக்கியம் திட்டத்தில் அதை ஊர் ஊராகக் கொடுத்தது. தெருமுனைகளில் அண்டா அண்டாவாகக் காய்ச்சி ஊற்றினார்கள். குடித்தவர்களையும் குடிக்காதவர்களையும் குலுக்கல் முறையில் பிரித்து, யார் பிழைத்தார், யார் படுத்தார் என்று பெரிய அளவில் கணக்கெடுத்திருந்தால் இன்று இந்த வழக்கே இருந்திருக்காது. சிறிய ஆய்வுகளோடு நின்றுவிட்டது. குடித்த பெரும்பாலோர் குணமானார்கள், உண்மைதான். குடிக்காத பெரும்பாலோரும் குணமானார்கள்.

கம்பெனிச் சதி என்று பழி போடுகிறவர்கள் கோபப்பட வேண்டிய இடம் இதுதான். பிரிட்டன் 2020 மார்ச்சில் தன் அரசு மருத்துவமனைகளில் ரெக்கவரி சோதனையைத் தொடங்கி, ஜூனிலேயே டெக்சாமெத்தசோன் முடிவைச் சொன்னது. அங்கும் தேவைப்பட்டவை நோயாளிகள், ஒரு குலுக்கல், ஒழுங்கான பதிவேடு. இவற்றில் எது நமக்குப் பஞ்சம்? அரும்பாக்கத்தில் மத்திய சித்த ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, கிண்டியில் வைரஸ் பரிசோதிக்கக் கிங் இன்ஸ்டிடியூட் இருக்கிறது. ஐப்பசி மழைக்கு விருதுநகர் மாவட்டத்து அரசு மருத்துவமனைகளில் காய்ச்சல்காரர்கள் குவிகிறார்கள். முதல் 48 மணி நேரத்துக்குள் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு நிலவேம்பும் மீதிப் பேருக்கு அதே கசப்புள்ள வெறும் நீரும் கொடுத்து, எது எவருக்கு என்று நோயாளிக்கும் டாக்டருக்கும் தெரியாமல் வைத்து, இரண்டு மழைக்காலம் எண்ணிப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். மூலிகையின் பெயரால் மேடை போட்டுப் பேசுகிறவர்கள் அரசிடம் மனுக் கொடுத்துக் கேட்க வேண்டியது இதைத்தான்.