படிய வாரிய தலை

ஆரணியை அடுத்த முள்ளிப்பட்டைப் போன்ற ஊர்களில் பட்டுத்தறியின் ஓசை கேட்டு வளர்ந்த பிள்ளைகள், இன்று பிழைப்பின் பொருட்டுச் சென்னைக்கும் பெங்களூருக்கும் அப்பாலும் செல்கின்றனர். அங்கே அலுவலகங்களிலும் விடுதிகளிலும் அக்டோபர் 31 அன்று மாலையில் 'ஹாலோவீன்' என்னும் பெயரால் மாறுவேட விழா நடக்கிறது. அன்றிரவே வீட்டுக் கைப்பேசிக்கு ஒரு நிழற்படம் வந்து சேர்கிறது. கறுப்பு மேலங்கி, சுண்ணாம்பு பூசினாற்போன்ற முகம், உதட்டோரம் சிவப்புச் சாயம், நெற்றியிலிருந்து பின்னோக்கி வழுவழுவென்று படிய வாரிய தலை. இரத்தக் காட்டேரி வேடமாம்! மறுநாள் காலையில் அனைத்துப் புனிதர் திருப்பலிக்குப் புறப்படும் தாய் அதனைக் கண்டு திகைக்கிறாள். தந்தை சினம் கொள்கிறார். மகனோ, விளையாட்டைப் புரிந்துகொள்ளாதவர்கள் என்று மனம் சலிக்கிறான். ஒரு சீப்பும் சிறிது பசையும் ஒரு குடும்பத்தில் இத்துணை விலகலை உண்டாக்கலாமா? இத்திங்கள் இதுபற்றி நம் இல்லத்தாரோடு சிறிது பேச விழைகிறோம்.

முதலில் அந்நாளின் பெயரைப் பார்ப்போம். ஹாலோவீன் என்றால் புனிதர் அனைவர் திருநாளுக்கு முந்திய மாலை என்பதே பொருள். 835-ஆம் ஆண்டளவில், திருத்தந்தை நான்காம் கிரகோரியாரின் விருப்பப்படி, பேரரசர் லூயி தம் ஆட்சிப் பரப்பெங்கும் நவம்பர் 1-ஐ அத்திருநாளாகக் கொண்டாடச் செய்தார். பிரான்சு நாட்டுக் குளூனி மடத்தின் தலைவரான புனித ஓதிலோ, 998-ஆம் ஆண்டளவில், மறுநாளாகிய நவம்பர் 2-ஐ மரித்தோர் நினைவுக்கென ஒதுக்கினார். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் குளிர்காலத் தொடக்கத்தை ஒட்டி வழங்கிய பழைய மரபுகள் இம்மாலையோடு கலந்தன. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்குக் குடியேறிய அயர்லாந்து மக்கள் அவற்றை உடன் கொண்டு சென்றனர். ஆகவே, இதனைப் பேய் வழிபாடு என்று அஞ்சுவதும் முறையன்று. கடை வீதியின் கேளிக்கை மட்டுமே என்று தள்ளுவதும் முறையன்று. பெயர் நம்முடையதாயிருக்க, பொருள் மட்டும் வழியில் எங்கோ நழுவிவிட்டது.

இனி, அந்தத் தலைவாரலுக்கு வருவோம். டிராகுலா என்னும் காட்டேரிப் பிரபுவைக் கற்பனையில் படைத்தவர் டப்ளின் நகரில் பிறந்த பிராம் ஸ்டோக்கர். அவர் நாவல் 1897-இல் வெளிவந்தது. வியப்பு யாதெனில், நாவலில் வரும் பிரபுவுக்கு இன்று நாம் காணும் தலை இல்லை! அவர் நீண்ட வெண்மீசையுடைய கிழவர். நெற்றிப் பொட்டுகளின் அருகே முடி அருகியும் பிற இடங்களில் அடர்ந்தும் இருந்தது. புருவங்களோ மூக்கின்மேல் ஏறக்குறைய ஒன்றையொன்று தொட்டன. 1922-இல் ஜெர்மனியில் எடுக்கப்பட்ட 'நோஸ்ஃபெராட்டு' என்னும் பேசாப் படத்தில் காட்டேரி முழு மொட்டை.

பின், இந்தப் படிய வாரிய தலை எங்கிருந்து வந்தது? நாடக மேடையிலிருந்து வந்தது. 1924-இல் இங்கிலாந்தில் ஹாமில்டன் டீன் இக்கதையை மேடையேற்றியபோது, பிரபு விருந்து உடையணிந்த கனவானாக மாறினார். 1927-இல் நியூயார்க் மேடையிலும், 1931-இல் யுனிவர்சல் நிறுவனத்தின் திரைப்படத்திலும் அவ்வேடத்தை ஏற்றவர் ஹங்கேரி நாட்டவரான பேலா லுகோசி. 1920-களில் நாகரிக ஆடவர் பிரில்லியன்டைன் என்னும் மணப்பூச்சைத் தடவித் தலையைக் கண்ணாடிபோல் மின்னச் செய்வது வழக்கம். அந்தக் கனவான் தலையே காட்டேரியின் தலையாயிற்று. நெற்றி நடுவே கூரிய முனைபோல் இறங்கும் முடியும் அதனோடு சேர்ந்து நிலைத்தது. 1992-இல் வந்த படத்தில் கேரி ஓல்ட்மன் வெண்ணிறச் சடைக் கொண்டையோடு தோன்றினார். ஆயினும், உலகத்தார் நினைவில் நிற்பது 1931-இன் தலைதான்.

நம் நாட்டிலோ அச்சத்தின் உருவம் இதற்கு நேர்மாறானது. 'தலைவிரி கோலம்' என்றாலே நமக்கு உள்ளம் துணுக்குறும். ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் காரைக்கால் அம்மையார், திருவாலங்காட்டுப் பதிகத்தில் ஒரு பெண் பேயை வருணிக்கையில், சிவந்த முடியையும் நீண்ட இரு பற்களையும் சொல்கிறார். கோரைப்பல் காட்டேரியை மேனாட்டார் நமக்குக் கற்பிக்க வேண்டியதில்லை என்பது இதனால் விளங்கும். விக்கிரமாதித்தன் தோளில் ஏறிய வேதாளத்தின் கதைகளை 1870-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ரிச்சர்டு பர்ட்டன், வேதாளத்தையே காட்டேரி என்று பெயரிட்டு அழைத்தார். நம் வட்டாரத்துப் பாரதக் கூத்திலும் கூந்தலே கதையை நடத்துகிறது. செய்யாற்றை அடுத்த புரிசை, கூத்துக்குப் பெயர் பெற்ற ஊர். துகிலுரிந்த அவையில் அவிழ்ந்த திரௌபதியின் கூந்தல், பதினெட்டாம் போரின் முடிவில்தான் முடியப்படுகிறது. அவிழ்ந்த கூந்தல் அநீதியின் அடையாளம். முடிந்த கூந்தல் நீதி நிலைபெற்றதன் அடையாளம். முகத்துக்கு அரிதாரம் பூசி, பெண் வேடத்துக்குக் கூந்தல் கட்டி, விடியும்வரை ஆடும் அக்கலைஞர்களை எவரும் வேடத்தைக் கொண்டு எடைபோடுவதில்லை. காலையில் வேடம் கலைத்து ஏர் பிடிக்கச் சென்றவரும் அவர்களுள் உண்டு.

ஆக, நம் பேய் தலையை விரித்துக்கொண்டு வருகிறது. மேனாட்டுப் பேய் தலையைப் படிய வாரிக்கொண்டு வருகிறது. இதில் ஒரு பாடம் அடங்கியிருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. தலைவிரி கோலமாய் வரும் தீமையைக் கண்டு கதவை அடைக்க எல்லோருக்கும் தெரியும். ஒழுங்காக உடுத்தி, இனிமையாகப் பேசி, வாசலில் நின்று அழைப்புக்குக் காத்திருக்கும் தீமையை அடையாளம் காண்பதே அரிது. சாத்தானும் ஒளியின் தூதனைப்போல் வேடம் பூணுவான் எனப் புனித பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில் எச்சரித்திருப்பதும் இதுவே. மகன் ஒரு மாலை காட்டேரி வேடம் போட்டான் என்பதற்காக அஞ்சும் நாம், கந்துவட்டிக்காரனும் வரதட்சணைத் தரகனும் தலைவாரி, வெள்ளுடை உடுத்தி நம் கூடத்தில் அமரும்போது காப்பி கொடுத்து உபசரிக்கிறோம் அன்றோ? இரத்தம் உறிஞ்சுவோர் யாரென ஒரு நெசவுக் குடும்பத்துக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

வேடம் போடுவது என்று முடிவாகிவிட்டால், அதனைத் தீங்கின்றிப் போடும் வகையை இளைஞர் அறிந்திருப்பது நலம். நம் பிள்ளைகளுக்கு முடி இயல்பாகவே கறுப்பு. ஆகவே சாயம் தேவையில்லை. கறுப்புச் சாயங்கள் பலவற்றில் பாராபீனைலீன்டையமின் என்னும் பொருள் உண்டு. ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது தோல் தடிப்பையும் இமை வீக்கத்தையும், சிலவேளை மூச்சுத் திணறலையும் உண்டாக்கும். எந்தச் சாயத்தையும் காதின் பின்புறம் சிறிது தடவி 48 மணி நேரம் பார்த்த பின்னரே தலைக்குப் பயன்படுத்த வேண்டும். ஒரு மாலை விளையாட்டுக்கு இத்துணை இடர் எதற்கு?

தலையைக் கழுவி, ஈரம் சற்றே நிற்கும்போது ஜெல் பசையை உள்ளங்கையில் தேய்த்து, நெற்றியிலிருந்து பிடரி நோக்கிப் பூசி, நெருக்கமான பற்களுள்ள சீப்பால் வார வேண்டும். தேங்காய் எண்ணெய் பளபளப்பைத் தரும். ஆனால் முடியைப் பிடித்து நிறுத்தாது. வியர்வையோடு வழிந்து முகப்பூச்சைக் கலைக்கும். சட்டைக் கழுத்தையும் கறைப்படுத்தும். நெற்றி முனைக்காக முடியை மழிக்க வேண்டாம், வளர வாரக்கணக்காகும். புருவம் தீட்டும் கறுப்புப் பென்சிலால் முடி முடியாகச் சிறு கோடுகள் இழுத்தால் போதும். முதுமை காட்ட வேண்டின், காதோரத்தில் வெள்ளை முகப்பவுடரைப் பழைய பல்துலக்கியால் தடவலாம். வேடம் முடிந்ததும் காய்ந்து விறைத்த முடியைச் சீப்பால் இழுத்துப் பிடுங்காமல், முதலில் வெந்நீரால் நனைக்க வேண்டும். மெழுகுப் பூச்சாயின் தேங்காய் எண்ணெய் தேய்த்து ஊறவிட்டு, பிறகு சீயக்காயோ ஷாம்புவோ போட்டுக் கழுவினால் எளிதில் போகும்.

மிகவும் கருத்தில் கொள்ள வேண்டியது நெருப்பு. நெசவாளர் இல்லங்களில் ஒரு சோதனை எல்லோருக்கும் தெரியும். இழை உண்மைப் பட்டா எனப் பார்க்க, நுனியைக் கொளுத்துவர். பட்டாயின் தலைமுடி கருகும் நாற்றம் வரும். சாம்பல் விரலில் பொடியும். பட்டும் முடியும் புரதம் என்னும் ஒரே இனத்தைச் சேர்ந்தமையே இதன் காரணம். நைலான் போன்ற செயற்கை இழையாயின் உருகிச் சொட்டும்; உருகியது தோலில் ஒட்டினால் தோலோடுதான் வரும். கடையில் விற்கும் பொய்முடிகளும் பளபளக்கும் மேலங்கிகளும் பெரும்பாலும் செயற்கை இழையே. முடியை நிறுத்தத் தெளிக்கும் ஸ்பிரேயில் எரியும் தன்மையுள்ள வாயுவும் சாராயமும் கலந்திருக்கும். மெழுகுவர்த்தியின் அருகிலோ, புகைப்பவர் அருகிலோ, அடுக்களையிலோ அதனைத் தெளித்தல் ஆகாது. மேலங்கியோடு மோட்டார் சைக்கிளில் ஏறுவதும் ஆகாது. சேலை முந்தானையும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்கிய துயரச் செய்திகளை நாம் படித்ததில்லையா? மேலங்கியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்து, தலைக்கவசம் அணிந்து செல்க. வாரிய தலை கலைந்தால் கலையட்டும். தலை இருந்தால் மறுபடி வாரிக்கொள்ளலாம்.

பெற்றோருக்கும் ஒரு சொல். அந்த நிழற்படத்தை மீண்டும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். எண்ணெய் தடவி, நீர் தெளித்து, ஒரு முடிகூட எழாமல் பின்னோக்கிப் படிய வாரிய தலை! பள்ளிக்கு அனுப்புகையில் ஒவ்வொரு காலையும் முகவாயைப் பிடித்து நிறுத்தி நீங்கள் வாரிவிட்ட தலை இதுவன்றோ? கோபத்தோடு தொலைபேசியை எடுப்பதற்கு முன், அதனை நினைத்துச் சற்றே சிரியுங்கள். பிறகு கேளுங்கள்: 'அந்த வேடத்தால் எவரேனும் இகழப்பட்டார்களா? குடிக்கும் கூட்டமா? கடன் வாங்கிச் செலவிட்டாயா?' இவற்றுக்கு நேர்மையான விடை கிடைத்தால், வேடத்தைப் பற்றி வருந்த வேண்டியதில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று இருக்கிறது: 'நவம்பர் 2-க்கு ஊருக்கு வருகிறாயா, தம்பி?'

ஏனெனில், மரித்தோரை நினைப்பதற்காகப் பிறந்த அந்நாள்களின் உயிர் அங்கேதான் இருக்கிறது. பாட்டனார் கல்லறையில் புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்ற ஓர் இளங்கை வேண்டும். இறந்தோரை அச்சுறுத்தும் உருவங்களாக மட்டும் அறிந்த பிள்ளைக்கு, இறந்தோர் நம் உறவினர் என்பதை அந்த மாலை உணர்த்தும்.

காட்டேரிக்குத் தலைவாரிய அந்த நடிகர் பேலா லுகோசி 1956-இல் இறந்தார். முன்னாள் மனைவியும் மகனும் எடுத்த முடிவின்படி, டிராகுலா மேலங்கியை அணிவித்தே அவரை அடக்கம் செய்தனர். கலிபோர்னியாவின் கல்வர் சிட்டியில், திருச்சிலுவைக் கல்லறைத் தோட்டம் என்னும் கத்தோலிக்கக் கல்லறையில் அவர் துயில்கிறார். உலகத்தை நடுங்க வைத்த காட்டேரி என்று அக்கல்லில் எழுதியிருக்கவில்லை. அன்புத் தந்தை என்பதே அதிலுள்ள சொல். வேடம் மேலங்கியோடு மண்ணுக்குள் போயிற்று. உறவு கல்லின்மேல் நின்றது.

வேடம் போட்ட பிள்ளைகள் அதனைக் கலைத்து, தலையைக் கழுவி, இரவுப் பேருந்தில் ஏறட்டும். வீட்டில் அவர்களுக்காக ஒரு கட்டு மெழுகுவர்த்தி எடுத்து வையுங்கள்.